மூன்றாவது சிறுநீரகம்

பழைய இரண்டையும் நாங்கள் எடுப்பதில்லை.
முதுகுப்பக்கம் சுருங்கிக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.
புதியது வலது இடுப்பெலும்பின் குழியில்,
தொட்டால் தெரியும் ஆழத்தில்.
இதைச் சொன்னதும் நொக்வாஸி சிரித்தாள்:
"அப்போ எனக்கு மூணா, டாக்டர்?"

டர்பனில் அது ஜூலை. காற்றில் மத்திமீன் வாடை.
பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது
பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாலையில் செத்த ஒரு பையனுடையது.
பதினான்கு மணி நேரக் குளிர்.
கவ்விகளைத் தளர்த்தினேன்.
சாம்பல் நிறம் ஒரு நொடி யோசித்தது,
பிறகு சிவந்தது.
முப்பது ஆண்டில் நானூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்தாயிற்று;
ஒருமுறையும் கையுறைக்குள் என் விரல்கள்
சும்மா இருந்ததில்லை.

என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

மார்பெலும்புக்குப் பின்னே ஒரு சிறு சுரப்பி.
பிள்ளைப் பருவத்தில் அது பள்ளிக்கூடம்.
தன் உடம்பையே கடிக்கும் அணுக்களைத் தேடிக் கொல்லும்.
நூற்றில் நான்கு தேறினால் அதிகம்.
வயதானால் கொழுப்பேறிப் பள்ளி மூடிவிடும்.
தேறியவை ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்,
யார் நீ, யார் நீ என்று
ஒவ்வொரு கதவாகத் தட்டியபடி.
அவற்றை மயக்கி வைக்கத்தான் மாத்திரை.
காலை எட்டு, இரவு எட்டு. சாகும்வரை.

நொக்வாஸி நான்கு ஆண்டு வரவில்லை.
கோப்பின் மேல் யாரோ பென்சிலில்
'இறந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள், மடியில் பூசணியோடு.
உம்சிம்குலுவிலிருந்து வர டாக்சிக்குக் காசில்லை,
மாத்திரை முதல் வருஷமே தீர்ந்துபோச்சு என்றாள்.
கிரியாட்டினின் எண்பத்தொன்பது.
ஆய்வகத்தைத் திட்டி மறுபடி அனுப்பினேன்.
எண்பத்தெட்டு.

அதன்பின் பதினோரு ஆண்டு
அவள் ரத்தத்தில் குடியிருந்தேன்.
எலிகளிடமும் கேட்டேன்.
வெள்ளை எலியின் முதுகில் கறுப்பு எலியின் தோலைத் தைத்துக் காத்திருந்தேன்;
ஒன்பதாம் நாள் பொருக்காக உதிர்ந்தது.
(இந்த நாட்டில் இந்தச் சோதனையை
நிறம் சொல்லாமல் விவரிக்கப் பழகிக்கொண்டேன்.)

கட்டுரை எழுதினேன். நிராகரித்தார்கள்.
என் துறையில் உறுப்புக்கும் தாளுக்கும் ஒரே சொல்.
"ஒரே ஒரு நோயாளி. அதிசயம்; அறிவியல் அல்ல."
கேப் டவுன் மாநாட்டில், தேநீர் இடைவேளையில், ஒருவர்
"கரும்புத் தோட்டத்துக்கு வந்த உங்கள் முன்னோரும்
அந்நிய உறுப்புத்தானே?" என்றார், கவிதைபோல.
இல்லை என்றேன்.
சிறுநீரகம் கைநாட்டு வைத்துக் கப்பலேறுவதில்லை.

போன மே மாதம் மின்வெட்டு.
ஜெனரேட்டரின் டீசலை யாரோ உறிஞ்சி விற்றிருந்தார்கள்.
மைனஸ் எண்பதில் உறங்கிய அவளுடைய குப்பிகள்
இருநூற்றாறும்
திங்கள் காலை வெறும் தண்ணீராக ஆடின.
என் உதவியாளன் பிரெனோலன் படையாச்சி
சுவரைப் பார்த்து நின்று அழுதான்.
நான் குப்பிகளை எண் வரிசை மாறாமல் அடுக்கினேன்,
எதற்கும் ஆகாது என்று தெரிந்தே.

பிறகு மூன்று மணி நேரம் காரோட்டிப் போனேன்.
மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வந்து
கையைக் கழுவிச் சட்டையைச் சுருட்டினாள்.
"எவ்வளவு வேணும்?"
முதலிலிருந்து, என்றேன்.
நான் நரம்பு தேடும்போது
மற்றக் கை வலது இடுப்பைத் தொட்டுப் பார்த்தது,
சாவி இருக்கிறதா என்று பையைத் தொடுபவள்போல.

"அந்தப் பையன் பேர் என்ன?"
சொல்லக் கூடாது என்பது விதி.
"பரவாயில்லை, நான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள்.
அதை எனக்குச் சொல்லவில்லை.

முதல் குப்பியில் எழுதினேன்: எண் 1.
பனிப்பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டினேன்.
திருப்பங்களில் பின்னால்
இந்த ஆண்டின் பூசணி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டு வந்தது.