கிலோவுக்கு ரெண்டேகால் ரூபாய்

மூன்று கொட்டேஷன்.
ஆற்காட்டுக்காரர் ஒன்று, காட்பாடி மண்டி ஒன்று,
மூன்றாவது கலவை ரோட்டு ரைஸ் மில்.
ஏழு வருஷமாக மூன்றாவதுதான்.
கிலோவுக்கு ரெண்டேகால் ரூபாய் குறைச்சல்.
ஆடிட்டில் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.
வேலூர் முழுக்க எந்தப் பெண்கள் விடுதியும்
இந்த விலைக்குச் சோறு போடவில்லை என்று
ஆண்டு விழாவில் எனக்கு
ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

இந்த ஜூனில் ஒரு படிவம்,
சப்ளையர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டுமென்று.
இருபத்திரண்டு கேள்வி.
முன்பணம் கொடுத்து ஆள் எடுக்கிறீர்களா? இல்லை.
பிள்ளைகள் வேலை செய்கிறார்களா? இல்லை.
ஆட்கள் விருப்பம்போல் வெளியே போய்வரலாமா?
இல்லை.
ஒரே நீல மை, ஒரே சாய்வு.
படிக்காமல் எழுதிய கை
ஓரிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது.

அரிசி பார்க்க என்று போனேன்.
அவித்த நெல்லின் ஆவி ரோடுவரை வந்தது.
அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்,
அன்றைக்கும் பிடித்தது.

களத்தில் நெல் திறந்தே கிடந்தது,
நாற்பது மூட்டைக்குக் குறையாது,
காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை.
பூட்டு தொங்கியது பின்னால்,
தகரக் கொட்டகை வரிசையின் கேட்டில்,
வெளிப்பக்கமாக.
"திருட்டு பயம் மேடம்" என்றார் கணக்கர்.
நான் நெல்லைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

கன்னியப்பன் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.
"மய வந்தா விசிலு ஊதுவாங்க.
நடு ராத்திரின்னாலும் தொறந்து வுடுவாங்க,
ஓடியாந்து குவிச்சி மூடணும்."
பாக்கி எவ்வளவு என்றேன்.
காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால்
நர்ஸைப் பார்க்கும் நோயாளிபோல
கணக்கரைப் பார்த்தார்.
"வாங்கனது பன்னெண்டாயிரம், அம்மா ஆப்பரேசனுக்கு.
ஒம்போது வருசமாவுது.
இப்ப இன்னா கீதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

திரும்பும் பஸ்ஸில், டிக்கெட்டின் பின்புறம்:
ஆயிரத்து இருநூறு பிள்ளைகள்,
மாதம் ஒன்பதாயிரம் கிலோ,
பெருக்கு ரெண்டேகால்.
இருபதாயிரத்து இருநூற்றைம்பது.
ஒரே மாதத்தில் நான் மிச்சம் பிடித்தது
ஒன்பது வருஷமாய் அவர் அடைக்கும் கடனைவிட அதிகம்.
இன்னொருமுறை பெருக்கினேன், திமிரி தாண்டும்போது.
அதேதான்.

"மில்லை மாத்திடுங்க, விஷயம் முடிஞ்சுது"
என்றார் பிரின்சிபால்.
மாற்றலாம்.
அடுத்த வாரம் அந்த மூட்டை
வேறொரு விடுதியின் அண்டாவில் வேகும்.
பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்,
நம் கை மட்டும் கழுவியிருக்கும்.
இதைச் சொன்னபோது என் குரல் ஏறியிருக்க வேண்டும்.
அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்,
ஆர்.டி.ஓ.வுக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போகப் பதினேழு நாள்.
பதினேழு நாளும் இங்கே அந்த அரிசிதான்.
நானும் சாப்பிட்டேன்.
நடுவில் ஒரு ராத்திரி நல்ல மழை,
சத்துவாச்சாரி தெருவெல்லாம் கரண்ட் போய்.
வேலூரே மழைக்கு ஏங்கிக் கிடந்த மாதம் அது.
விழித்துக்கொண்டு
காதைத் தீட்டிக் கேட்டபடி இருந்தேன்,
பன்னிரண்டு மைல் தாண்டி
ஒரு விசில் இங்கே கேட்கும் என்பதுபோல.

புது ஒப்பந்தத்தில் பதினாலாவது வரி என்னுடையது:
சொல்லாமல் வருவோம், ஆட்களிடம் தனியாகப் பேசுவோம்.
நாளை குடியாத்தம் பக்கம் ஒரு மில்.

மெஸ் கமிட்டியில் விலையேற்றத்தைச் சொன்னேன்.
ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பத்தாறு பைசா.
ஏன் என்றார்கள். சொன்னேன்.
யாரும் தட்டை நகர்த்தவில்லை.
பேரணாம்பட்டு தஸ்லீமா மட்டும் கேட்டாள்:
"அந்தப் பூட்டு என்னாச்சு மேடம்?"

மகஜர் நகல் ஒன்று என் ஃபைலில் இருக்கிறது.
மீட்கப்பட்டவர்கள் பதினொரு பேர்,
பள்ளி வயதில் நால்வர்.
கணக்கு நோட்டு ஒன்று.
விசில் ஒன்று, பிளாஸ்டிக், சிவப்பு.
பூட்டு என்று
எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.