பதினைந்து கட்டம்

புதன்கிழமைகளில், வெள்ளவத்தையில்,
கடற்பக்க ஒழுங்கையொன்றின் மேல்மாடியில் ஸ்கிராபிள்.
மாத்தறை ரயில் போகும்போது
எல்லோரும் உள்ளங்கையால் பலகையைப் பொத்திக்கொள்வோம்,
விளக்கைக் காற்றுக்கு மறைப்பது போல.
இல்லாவிட்டால் சொற்கள் அரை அங்குலம் நகரும்.
புள்ளி மாறாது. மானம் போகும்.

பகலில் காப்புறுதிக் கந்தோரில் படிவம் திருத்துகிறவன்,
இரவில் நீளச் சொல் சேர்ப்பவன் நான்.
போர்போரிக்மஸ்: வயிறு தனக்குள் பேசுவது.
மூன்று மணிக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்.
டிஃபெனஸ்ட்ரேஷன்: ஒருவரை ஜன்னலால் வெளியே எறிவது.
அதற்கென்று ஒரு சொல் வேண்டியிருந்ததென்றால்
எத்தனை பேரை எறிந்திருப்பார்கள் என்று
நூற்றியொராம் பஸ்ஸில் தொங்கியபடி யோசிப்பேன்.
ஃப்ளோக்சினோசினிஹிலிபிலிஃபிகேஷன்:
ஒன்றுக்கும் உதவாதென்று தள்ளிவிடுதல்.
இருபத்தொன்பது எழுத்து.
உதவாததற்கா இவ்வளவு செலவு?
எங்களுக்கு ஒரு 'ச்சீ' போதும்.

பலகையில் பதினைந்து கட்டம். கையில் ஏழு எழுத்து.
நான் சேர்த்ததில் பாதி வெளியே தொங்கும்.
என் பெயரும் அப்படித்தான்:
பரமேஸ்வரலிங்கம், ஆங்கிலத்தில் பதினேழு.
வங்கிக்கு, பாஸ்போர்ட்டுக்கு,
ஒரு காலம் வீதித் தடைகளுக்கு
எழுத்தெழுத்தாய் ஒப்புவித்திருக்கிறேன்.
கடைசி இரண்டும் எப்போதும்
படிவத்தின் கோட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கும்.

எதிரே இரோமி. பாதுக்கையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
அவளது முழுப்பெயர் என்னுடையதைவிட ஒரு வீதி நீளம்.
"ஐந்து இனிஷியலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்பாள்.
என் தமிழ் அவளுக்கு எட்டாது.
அவள் சிங்களத்தில் பாதி எனக்கு.
இருவர் பெயரும் கொள்ளாத ஒரு மொழியில்
பத்து வருடமாக
ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்று அவள் வைத்தாள்: ஸ்குவாட்.
ஐந்தெழுத்து. குந்துதல்.
என் தட்டில் ஏ, பி, யூ, எல், ஏ, ரி, ஈ.
உள்ளங்கை வேர்த்தது.
முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து.
ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன்.
போனது. வைத்தேன்:
அப்ஸ்குவாட்டுலேட்.
ஏழும் தீர்ந்தது. ஐம்பது மேலதிகம்.

"அப்படியொன்று இல்லை" என்றாள்.
அகராதி இருக்கிறது என்றது.
"சரி, அர்த்தம்?"
அர்த்தத்துக்கு இந்த ஆட்டத்தில் புள்ளி கிடையாது.
என்றாலும் சொன்னேன்:
சொல்லாமல் கொள்ளாமல் இடத்தைக் காலி பண்ணுவது.

அவள் சிரிக்கவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள்.
பெட்ரோல் வரிசைக்கு முன் பதினொரு மேசை.
இப்போது மூன்று.
"ருஷ்தி" என்றாள். "பிறகு அந்தப் பல் வைத்தியர்."
"ஹென்றியெற்றா சொல்லிவிட்டுத்தானே போனார்?"
"விமான நிலையத்திலிருந்து" என்றாள்.

முடிந்ததும் எழுத்துகளை எண்ணிப் பைக்குள் போட்டோம்.
தொண்ணூற்றொன்பது.
கொட்டி மறுபடி எண்ணினோம்.
தொண்ணூற்றொன்பது.
மேசைக்கடியில், கைப்பேசி வெளிச்சத்தில்,
இருவரும் குந்தினோம்.
"இதுவும் அதைத்தான் செய்திருக்கிறது" என்றாள்,
என் சொல்லை
என்னைவிடச் சரியாக உச்சரித்து.

எந்த எழுத்தென்று இன்னும் பார்க்கவில்லை.
தரை மெல்ல அதிரத் தொடங்கியது.
மேலே பலகையைப் பொத்த ஆளில்லை.