நாக்கை மடித்து

ஐந்தே முக்காலுக்கு வேனைக் கிளப்பினால்
முதலில் வந்து ஒட்டுவது ஆலைப் புகை.
மூன்று தோட்டம், ஒரு தாமான், அப்புறம் பள்ளி.
எழில்வேணி ஏறுவது இரண்டாம் கட்டை முனையில்,
தலை ஈரத்தோடு,
காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு.

நான்காம் படிவம் தொடங்கிய வாரம்
கணக்கு ஆசிரியை பதிவேட்டில் விரலை ஓட்டி
இவள் பெயரில் வந்து நின்றாராம்.
"நீளமாக இருக்கிறதே,
எலி என்று கூப்பிடட்டுமா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம்.
தமிழ் தெரிந்த ஐந்து பேர்
மேசையில் முகத்தைப் புதைத்தார்கள்.
இவள் சரி என்றாள்.
மறுநாள் வேனில் அவள் இருக்கையில்
எவனோ கருவாட்டுத் துண்டு வைத்திருந்தான்.

அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை.
அதுதான் எனக்குச் சிக்கல்.
மழை நாளில் தன் குடையைக் கொடுத்தனுப்புகிறார்,
பசியாறாமல் வந்த பிள்ளைக்குத் தன் ரொட்டியில் பாதி.
"உன் மலாய் எவ்வளவு சுத்தம்,
தோட்டத்துப் பிள்ளை என்றே தெரியவில்லை" என்று
தோளில் தட்டுகிறார்.
"எஸ்.பி.எம்.மில் தமிழ் எதற்கு?
வீணாக ஓர் ஏ குறையும்."
டாக்டர் என்று இவள் எழுதிய தாளில்
தாதி என்று திருத்தியதும் அதே அக்கறைதான்.
வெறுப்பாக இருந்தால்
வேனை நிறுத்திவிட்டு உள்ளே போயிருப்பேன்.
அன்போடு எந்த வாசலில் நின்று சண்டை போடுவது?

என் பெயர் தவக்கொடி.
இதே பள்ளியில், கழிவறைப் பக்கத்துக் கடைசி வகுப்பில்
முதலில் தவா, பிறகு தாவார்.
மலாயில் உப்புச் சப்பில்லாதது.
நானும் சரி என்றவள்தான்.
இந்த ஊருக்கே பெயரை மாற்றிவிட்டார்கள்;
பெஸ்தாரி ஜெயா என்கிறது பலகை.
என் வாயில் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை.

புதன் மாலைத் தமிழ் வகுப்பு
மரவேலைப் பட்டறையில்.
வேறு அறை இல்லையாம்.
உவமைத்தொகையில் மரத்தூள் படிந்து
வீட்டுக்கு வரும்.

பரிசளிப்பு நாளில்
பெயர் வாசிக்க இருந்த பையனுக்குக் காய்ச்சல்.
ஒலிவாங்கி இவளிடம் வந்தது,
மலாய் சுத்தம் அல்லவா.
முந்தின மாலை வேனில் இவள்
ஒவ்வொரு பெயராகக் கேட்டாள்:
சியூ ஹுய்யிடம் எங்கே குரல் ஏறுகிறது,
ஹஸிக்கிடம்
ஆசிரியையின் பெயரில் நடு எழுத்து
தொண்டையின் எந்த ஆழத்திலிருந்து வருகிறது.
மறுநாள் அவர் பெயரை அப்படியே சொன்னாள்.
பள்ளி முழுக்க ருக்காயா என்று தேய்த்த பெயர்.
அவர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்ததை
வாசலில் நின்று பார்த்தேன்.
கணக்கில் முதல் பரிசு, கடைசிப் பெயர்.
ழகரத்தில் நாக்கை மடித்து
கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

திங்கட்கிழமை அவர் முயன்றாராம்.
எஷில். பிறகு எர்ரில்.
"எலிக்கு அது தேவலாம்" என்றாள் இவள்.
முன் இருக்கையில் ஹஸிக்கும் முயன்றான்;
குழியில் வேன் இறங்க நாக்கைக் கடித்துக்கொண்டான்.
தமிழை எடுப்பதைப் பற்றி
ஆசிரியை மறுபடி ஒன்றும் சொல்லவில்லை.
வேண்டும் என்றும் சொல்லவில்லை.

பாடத் தேர்வுத் தாள் வெள்ளிக்குள் போக வேண்டும்.
இன்று காலை மடியில் விரித்து வைத்திருக்கிறாள்,
தமிழ்க் கட்டத்தில் பென்சில் கோடு,
கையில் பேனா.
செம்மண் பாதை. எல்லாம் குலுங்குகிறது.
நான் இரண்டாம் கியருக்கு இறங்கினேன்.
பின்னால் குலை ஏற்றிய லாரி
ஹார்ன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.