இரண்டரை மில்லி

டாட்டா ஏஸில் வந்து இறங்கியது பூவரசு.
நாலு முழம். அடியில் பொந்து.
பின்னாலேயே இரண்டு வண்டிகளில் இரண்டு பேர்,
ஒருவரை ஒருவர் பாராமல்
ஒரே நேரத்தில் ஸ்டாண்டு போட்டார்கள்.

வைரக்கண்ணு சொன்னார்: இரண்டு பேனா.
தருமையன் சொன்னார்: ஒரே மரத்தில்.
பங்காளிகள்.
வரப்பில் நின்ற மரம் யாருக்கென்று
பத்தொன்பது வருஷம் திருவாரூருக்குப் பஸ் ஏறியவர்கள்.
மரத்தைக் காற்று தள்ளிவிட்டது.
இப்போது சமாதானப் பத்திரம்.
கையெழுத்துப் போட
அந்த மரத்திலேயே பேனா வேண்டுமாம்,
வக்கீல் குமாஸ்தா கொடுத்த யோசனை.

நான் கடைகிறவன் இல்லை.
கடைசல் ரோஸ்லின், நாகூர் ரோட்டில்.
என் வேலை கட்டை அறுப்பது:
முக்கால் அங்குலச் சதுரம், ஐந்தரை நீளம்,
ரேகை ஓடுகிற திசையில்.
கொரடாச்சேரி ரைஸ்மில்லுக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை, ஒரு வட்ட ரம்பம்,
மும்முனை கரண்ட் வருகிற நேரத்துக்கு மட்டும் நான்.

பொந்தும் பூச்சியும் போக
தேறியது ஒரு சாண்.
வெளுப்பைத் தள்ளினால் உள்ளே வைரம்,
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
"வைரம் எவனுக்கு?" என்றார் தருமையன்.
எந்த வைரத்தைக் கேட்கிறார் என்று
ஒரு கணம் யோசித்துவிட்டேன்.

நடுவில் கோடு போட்டேன்.
இருவரும் குனிந்து பென்சில் முனையைப் பார்த்தார்கள்,
சர்வேயர் சங்கிலியைப் பார்த்த அதே கண்ணால்.

பாதியில் ரம்பம் அலறியது.
பொறி.
உள்ளே முள்கம்பி.
யாரோ அடித்தது, மரம் மூடிக்கொண்டது.
சுற்றிலும் விரற்கடை அளவு
மை ஊறியது மாதிரிக் கறுப்பு.
யார் போட்ட வேலி என்று இருவருமே கேட்கவில்லை.
அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் போல.
நான் கவனிக்கவில்லை,
பல் போன ரம்பத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
ஆயிரத்து நானூறு ரூபாய்.

மறு ரம்பத்தில் ஒன்று இரண்டானது.
சரிபாதியா என்றார்கள்.
இல்லை என்றேன்.
ரம்பத்துக்கு ஒரு கனம் உண்டு, இரண்டரை மில்லி.
அது நுழைந்த இடம்
இவர் பக்கத்திலும் சேராது அவர் பக்கத்திலும் சேராது.
அதோ, கீழே கிடக்கிறது.
தருமையன் ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார்.
வைரக்கண்ணு செருப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

பச்சையில் கடைந்தால் பேனா முறுக்கிக்கொள்ளும்.
முனைகளில் வை, த என்று எழுதி
மெழுகில் முக்கி, நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்தேன்.
காய ஆறு மாசம் என்றேன்.
பத்தொன்பது வருஷம் காத்திருந்தவர்களுக்கு
ஆறு மாசத்துக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் எடை,
நீடாமங்கலத்தில் வாங்கிய நகைக்கடைத் தராசில்.
ஐம்பத்தாறு கிராம்.
ஐம்பத்திரண்டு.
கார்த்திகை அடைமழையில் ஒரு கிராம் ஏறியது.
மேட்டூர் திறக்காத வருஷங்களிலும்
எங்கிருந்தோ குடித்துவைத்த தண்ணீர்
பழைய செய்திகளை நனைத்துக்கொண்டு
வெளியே போனது.
நாற்பத்தொன்று.

தை மாதம் குடவாசலில் பத்திரம் பதிவானது.
பத்திர எழுத்தர் காதில் செருகியிருந்த
ஐந்து ரூபாய்ப் பேனாவில்
இருவரும் கையெழுத்துப் போட்டார்களாம்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை,
சிமெண்டு வாங்கப் போன கடையில் காதில் விழுந்தது.

இன்று முப்பத்தெட்டு.
போன வாரமும் முப்பத்தெட்டு.
இனித் துளை போடலாம்.
மெழுகைச் சுரண்டினேன்,
வையும் தவும் அதோடு வந்துவிட்டன.
ஒன்றில், கம்பிக் கறுப்பின் ஓரமாக
முடி அளவு வெடிப்பு.
அன்றைய தூளை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டிருந்தேன்.
ஒரு நகம் எடுத்து, பசை விட்டு
வெடிப்பில் வைத்து அழுத்தினேன்.
சுள்ளென்று புகைந்து இறுகியது.

ரோஸ்லினுக்குப் போன் போட்டேன்:
இரண்டு கட்டை, யாரும் இன்னும் கேட்கவில்லை,
காசும் வரவில்லை.
அனுப்பு என்றாள்.