மூன்றாம் பக்கம்

உள்ளே தகரம் அடித்த பெட்டியில் வந்தது விதை.
கரோலினா நெல்.
நாகப்பட்டினம் வரை கப்பல், பிறகு மாட்டுவண்டி.
நன்னிலம் தாலுகா கச்சேரியில்
முத்திரை உடைத்தவன் நான்,
ராயசம் மாசிலாமணி, சம்பளம் பன்னிரண்டு ரூபாய்.

உமி பொன்னிறம். அள்ளினால்
கிச்சிலிச் சம்பாவைவிடக் கனம்.
கூடவே நான்கு பக்கம் அச்சுக் காகிதம்,
அமெரிக்காவில் இதை எப்படிப் பயிரிட்டார்கள் என்று.
"தமிழில் எழுதி வயலில் வாசித்துக் காட்டு"
என்றார் தாசில்தார்.

முதல் பக்கம் எளிது.
கடல் ஏறினால் ஆறு உயரும், மதகைத் திற;
இறங்கினால் அடை.
சதுப்பில் அத்தனை கரையையும் யார் கட்டினார்கள்
என்று காகிதத்தில் இல்லை.
கரைகள் கட்டப்பட்டன.
நானும் அப்படியே எழுதினேன்.

இரண்டாம் பக்கம்:
ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர்,
காலையிலேயே முளையடித்துக் கொடுத்துவிட வேண்டும்.
இந்த வரியை மிராசுதார் வைத்தா உடையார்
இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.
"முக்கால் மா" என்று விரலில் கணக்குப் போட்டார்.

மூன்றாம் பக்கத்தில் இடறினேன்.
அந்த நாட்டில் சண்டை முடிந்து
வயலாட்கள் எல்லோருக்கும்...
அந்த இடத்தில் ஒரு சொல்.
தரங்கம்பாடிக் கோயில் ஜெபத்தில் அதை
'பாவத்திலிருந்து' என்று சேர்த்துத்தான் சொல்வோம்.
தனியாக எழுதிப் பழக்கமில்லை.
விளக்கில் எண்ணெய் தீரும்வரை உட்கார்ந்திருந்து எழுதினேன்:
"ஆள் இல்லாமையால் அங்கே விளைச்சல் குறைந்தது,
ஆகவே விதை இங்கே அனுப்பப்பட்டது."

ஆடிக் கடைசி. அரசலாற்று வாய்க்காலில் புதுத்தண்ணீர்.
வரப்பில் நின்று வாசித்தேன்.
மதகுக்குச் சிரித்தார்கள்.
"தண்ணி கட்ட நமக்குக் கடுதாசியா" என்றான் சடையன்.
நாற்றுமுடியோடு நின்ற குப்பச்சி மட்டும்
கடைசி வரியில் நிமிர்ந்தாள்.
"ஏன் ஆளில்ல? பேதியா?"
"இல்லை. போய்விட்டார்கள்."
"எல்லாருமா?"
"ம்."
"பண்ணைய விட்டா?"
உடையார் குடையை மறுகைக்கு மாற்றினார்.
நான் காகிதத்தை மடித்தேன்.
அவள் முடியைக் காலில் அடித்துச் சேறு உதறினாள்.
"போவவும் முடியுமா" என்றாள்,
என்னிடமா சடையனிடமா தெரியவில்லை.

ஐப்பசிக் காற்றில் பாதி சாய்ந்தது.
உயரத் தண்டு, நம் மழையை அறியாதது.
நின்றதிலும் மணி உதிர்ந்து
வாத்துகள் தின்று கொழுத்தன.

தை மாதம் அறிக்கை எழுதினேன்.
விதை: மண்ணுக்கு ஒத்துவரவில்லை.
ஆட்கள்: மூன்று குடி குறைவு.
அறுப்புக்கு முந்தின இரவில் நடந்தே
நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக் கப்பல் ஏறியிருக்கிறார்கள்.
ஏஜெண்டு அனுப்பிய பட்டியலில் குப்பச்சியின் கைக்கீறல்.
கரும்புத் தோட்டம், ஐந்து வருஷம்.
அங்கேயும் காலையில் முளையடித்துத்தான் கொடுப்பார்கள்.
அதை அவளுக்கு யாராவது வாசித்திருப்பார்களா?
வாசித்தவனும் என்னைப்போல் ஒருவன்தானே.

காரணம் என்ற கட்டத்தில்
உடையார் சொல்லச் சொல்ல
"கடன் ஏய்ப்பு" என்று எழுதினேன்.

காலிப் பெட்டியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.
நல்ல தகரமாம், எலி அண்டாது.