பதினேழாவது வரிசை

ஜூலையில் கல்யாணம்.
பிப்ரவரியிலேயே எக்செல் திறந்துவிட்டோம்.
ஜன்னலுக்கு வெளியே ஃப்யோர்டு
அணைத்துவைத்த தொலைக்காட்சிபோல் கிடந்தது.

ஷூர் கறாரான ஆள்.
அழைப்பிதழ் அச்சில்லை, மின்னஞ்சல்தான்.
அதற்கும் சில கிராம் கரி எழுது என்றான்.
எழுதினேன்.

தட்டுகள்: பள்ளிக்கூடத்தில் இரவல்,
விளிம்பில் நகராட்சி முத்திரையோடு.
உடை: அம்மாவின் கல்யாணப் பூனாட்,
இடுப்பில் இரண்டு விரற்கடை பிரித்தால் போதும்.
மூன்று, என்றாள் தையற்காரி.
இறைச்சி: தூர்ஃபின் மலையில் மேயவிடும் ஆடு,
பெயர் வைக்காத ஒன்றாகப் பார்த்துக் கேட்டோம்.

பூவில்தான் சண்டை.
ஹாலந்திலிருந்து லாரியில் வரும் ரோஜா ஆகாது.
சாலையோரத்து ஊதாப்பூ
பறித்த கை வீடு சேருமுன் தலை தொங்கும்.
கடைசியில் உருளைக்கிழங்கு.
சிரிக்காதீர்கள்,
ஜூலையில் அது வெள்ளையாகப் பூக்கும்,
நடுவில் ஒரு மஞ்சள் மூக்கு.
மேசைக்கு ஒரு வாளி, பதினொரு வாளி நட்டோம்.

பிறகு பயணம்.
படகில் வருபவர், பேருந்தில் வருபவர்,
மலைச்சாலையில் சைக்கிள் மிதித்தே வருவேன் என்ற
ஷூரின் அத்தை மகன்,
எல்லோரும் பச்சை.
பதினேழாவது வரிசையில் என் அக்கா.
ஓஸ்ஹில், புந்தா அரேனாஸ், சிலி.
பூமியின் அந்த நுனியிலிருந்து இந்த நுனிக்கு
போக வர நாலு டன்.
கட்டம் தானாகச் சிவந்தது.
ஆடு, படகு, தட்டு, கிழங்கு
அத்தனையையும் கூட்டினோம்.
அவளில் பாதி வரவில்லை.

‘திரையில் பார்த்துக்கொள்’ என்று எழுதினேன்,
நாலு வரியை மூன்று நாள் திருத்தி.
பதில் வந்தது:
‘சரி.’
முற்றுப்புள்ளி வைக்கும் வழக்கமில்லாதவள்
வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த அப்பா
மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.
முப்பத்தொரு வருஷம் வடகடலில்
எண்ணெய் மேடையில் இருந்தவர்.
‘என்னை எந்த வரிசையில் போட்டிருக்கே?’
கோபமில்லை.
ஓட்டப்பந்தயப் பட்டியலில் தன் பெயர் தேடுபவர்போல
மேலிருந்து கீழாக
மாவு விரலால் திரையைத் தடவிக்கொண்டே போனார்.

என் பல்லை நேராக்கிய கம்பி,
அக்காவின் படிப்பு,
இந்தச் சமையலறை, இதன் கதகதப்பு,
கல்யாணச் செலவுக்கென்று அவர் தந்த உறை.
ஷூர் வாஃபிளைப் பார்த்தான்.
நான் வெண்ணெயைப் பார்த்தேன்.

அன்றிரவே கூப்பிட்டேன்.
அவள் பக்கம் காற்று கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
வா, வந்தால் உடனே திரும்பாதே, என்றேன்.
‘கணக்கு?’
‘சிவப்பாகவே இருக்கட்டும்.’

எங்கோ மரம் நட்டு ஈடுகட்டும் சீட்டு
விலைக்குக் கிடைக்கிறதாம், ஷூர் சொன்னான்.
வேண்டாம்,
கடனைக் கடன் என்றே எழுது.

கல்யாணத்தன்று மழை.
முந்தின இரவுக் காற்றில் பூவெல்லாம் உதிர்ந்து
மேசைதோறும் வெறும் தழை.
கீரை என்று நினைத்து ஒரு சித்தி
கிள்ளி வாயருகே கொண்டுபோக,
அக்காதான் பாய்ந்து பிடுங்கினாள்:
‘விஷம், சித்தி!’
நாலு டன்னின் முதல் வரவு.

இப்போது செப்டம்பர்.
இன்னும் போகவில்லை.
தினமும் இருபது நிமிஷம் வெந்நீரில் குளிக்கிறாள்,
ஷூர் கதவுக்கு வெளியே கடிகாரம் பார்க்கிறான்.

நேற்று வாளிகளைக் கவிழ்த்தோம்.
பதினொன்றுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ,
கட்டைவிரல் பருமன்.
தோலோடு வேகவைத்து, உப்பு, வெண்ணெய்.
முதல் கிழங்கை ஊதியபடி அக்கா கேட்டாள்:
‘நான் வந்து போற கணக்கை இதுல வகுத்தா
ஒரு கிழங்குக்கு எத்தனை கிலோ?’

ஷூர் வாயைத் திறந்தான்.
மேசைக்கடியில்
அவன் காலை மிதித்தேன்.