நாற்பத்தொன்றாம் வரி

இரவு ஒன்றரைக்கு வேலம்பாளையத்திலிருந்து அழைப்பு.
"ஏனுங்க, நாப்பத்தொண்ணாவது வரியில தப்புங்குது.
என்ற ஃபைலுல நாப்பதே வரிதானுங்க."
அங்குராஜ் பொய் சொல்லவில்லை.
பனியன் துணிக்கு நிறக்கோடு எழுதுகிறவர்.
அவருக்குப் பின்னால் சத்தமே இல்லை:
மெஷின் நிற்கிறது.

'எதிர்பாராத முடிவு' என்ற
என் பார்சரும் பொய் சொல்லவில்லை.
ஏழாம் வரியில் திறந்த அடைப்புக்கு
ஜோடி தேடிக் கோப்பின் விளிம்புவரை போய்
விழுந்த இடத்தில் கத்தியிருக்கிறது.

"எங்களுக்கு ஊசி ஒடிஞ்சா
துணியில கோடு விழுகுமுங்க.
கோட்டைப் புடிச்சு மேல போனா ஊசி.
உங்களுதுல கோடே இல்லீங்களே?"

இல்லை.
இலக்கணம் கொடுத்தால் பார்சர் பின்னித் தரும் நூலகம்;
(நூலகம் என்றால் இந்த ஊரில்
நூல் குடோன் எங்கே என்பார்கள்)
அதற்கு நான் தடுக்கி விழத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்,
எங்கே தடுக்கியது என்று சொல்ல அல்ல.

திறக்கும் ஒவ்வொரு அடைப்போடும்
திறந்த இடத்தையும் முடிந்துவைத்தேன்.
'தொடரியல் பிழை'யை அழித்தேன்.
பீளமேட்டில் பால்வண்டி வரும்போது
அது இப்படிச் சொன்னது:
ஏழாம் வரியில் திறந்தது இன்னும் மூடவில்லை.
நீலத்துக்குப் பிறகு மூடவேண்டுமா?

கடைசியில் ஒரு 'ங்க' சேர்க்கச் சொன்னார்.
மெஷின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.
சேர்க்கவில்லை.

பதினெட்டு நாளாக அழைப்பில்லை.
நேற்று பழைய நிரலுக்குள் ஒரு வாசகம் அகப்பட்டது,
நான்கு வருடம் முன்பு நானே எழுதியது:
'இங்கே யாரும் வர வாய்ப்பில்லை.'
வரி எண்கூடப் போடவில்லை.